பாண்ட் பிராக்டிஸ் முடிஞ்சா காதுக்குள்ள கீ எண்டு கேக்குது, மேடைக்கு முன்னால குளிசை போடலாமா டொக்டர்?

படுவான்கரைப் பக்கமிருந்து ஒரு தம்பி நீளமா எழுதியிருக்கார். வயசு 17, ஏ லெவல் பயோ, பாலம் தாண்டி மட்டக்களப்பு டவுனுக்குள்ள இருக்கிற ஒரு கல்லூரிக்கு பஸ்ல வந்து போறவர். அப்பா கட்டார்ல, வீட்ட அம்மாவும் தங்கச்சியும். பேரையும் ஸ்கூலையும் எடுத்துட்டன், ஆள் பிடிபடாம இருக்க ஒண்டு ரெண்டு விவரத்தையும் மாத்தியிருக்கன்.

கல்லூரியில முந்தி மார்ச் போற பாண்ட் மட்டும்தானாம், ஸ்போட்ஸ் மீட்டுக்கும் கொடியேத்துறதுக்கும் வாசிக்கிறது. போன வருசம் பழைய மாணவர்கள் சேந்து கிளாரினெட், ட்ரொம்போன் எல்லாம் வாங்கிக் குடுத்த பிறகு, இருந்து வாசிக்கிற கொன்சேட் பாண்ட் ஒண்டு தொடங்கியிருக்காங்க. பரிசளிப்பு விழாவிலதான் முதல் கச்சேரி. தம்பி ரெண்டாவது வரிசையில கிளாரினெட், பின்னால ட்ரம்பெட்காரர், வலது பக்கம் கைக்கெட்டுற தூரத்தில ஸ்நேர் ட்ரம்மும் சிம்பலும். பிராக்டிஸ் தகரக் கூரை போட்ட பழைய வகுப்பறையில, பக்கத்து கிளாஸ்காரர் சத்தம் எண்டு முறைப்பாடு பண்ணினதால ஜன்னலையும் சாத்திட்டுத்தான். பின்னேரம் ரெண்டுல இருந்து நாலரை வரைக்கும்.

பிரச்சினை என்னெண்டா, பிராக்டிஸ் முடிஞ்சு பஸ் ஏறினா வலது காதுக்குள்ள கீ எண்டு கேக்குமாம். முந்தி ராவைக்கே போயிரும், இப்ப ரெண்டு மூண்டு கிழமையா விடிய எழும்பினாலும் கிடக்காம். சேர்கிட்ட சொன்னதுக்கு "பழகிரும்" எண்டிருக்கார். சின்னனில இருந்தே முட்டு வருத்தம் (அஸ்மா) வேற இருக்கு. அம்மா கிளாரினெட்ட ஊதி நெஞ்சு பழுதாகப்போகுது, விடு எண்டுறாவாம், மாமா ஊதினா முட்டு சுகமாகும் எண்டுறாராம். இதுக்குள்ள கச்சேரியில ஒரு சின்ன சோலோ குடுத்திருக்காங்க, மேடை ஏறினா தம்பிக்கு கை நடுங்கும், அதுக்கு ட்ரொம்போன் வாசிக்கிற ஒரு அண்ணன் அவர்ர அப்பாட பிரசர் குளிசையில நாலு குடுத்திருக்கார், ப்ரொப்ரனொலொல் 40. "எத்தின மணித்தியாலம் முந்திப் போடோணும் டொக்டர்?" எண்டு கேட்டிருக்கார். கடைசியா, காதுக்குப் பஞ்சு வச்சா காணுமா, ரெண்டு பிராக்டிஸ் வராட்டி எடுத்துருவன் எண்டு சொல்ற சேர்கிட்ட இதெல்லாம் கதைக்கலாமா எண்டும் கேட்டிருக்கார்.

தம்பி, நீங்க போற போக்கில கேட்ட குளிசைக் கதையத்தான் நான் முதலாவதா எடுக்கப்போறன், ஏனெண்டா மற்றதெல்லாம் ஒரு கிழமை பிந்தினாலும் சமாளிக்கலாம், இது அப்பிடி இல்ல.

அந்தக் குளிசையப் போட வேணாம்

ஒண்டும் வேணாம், பாதியும் வேணாம், வீட்டில ஒருக்கா போட்டுப் பாப்பமே எண்டும் வேணாம். முட்டு உள்ள ஆளுக்கு ப்ரொப்ரனொலொல் குடுக்கக் கூடாது, இது எங்களுக்கு மெடிக்கல் ஃபகல்ட்டியில ஆரம்பத்திலேயே சொல்லித் தாற விசயங்கள்ல ஒண்டு.

அந்த அண்ணன் பொய் சொல்லல்ல எண்டதையும் சொல்லோணும். மேடைப் பயத்துக்கு இந்த மருந்த உலகம் முழுக்க வாத்தியக்காரர் பாவிக்கிறாங்கதான், 1987ல அமெரிக்காவில பெரிய ஒர்கெஸ்ட்ராக்கள்ல வாசிக்கிறவங்ககிட்ட கேட்டுப் பாத்ததில நாலில ஒரு பங்குக்கு மேல இந்த வகை மருந்து பாவிச்சதா சொல்லியிருக்காங்க. பயந்தா உடம்பில அட்ரினலின் ஏறும், அதாலதான் நெஞ்சு படபடக்கிறதும் கை நடுங்குறதும், ப்ரொப்ரனொலொல் அட்ரினலின் போய் ஒட்டுற இடத்தை அடைச்சிரும். அண்ணனுக்கு முட்டு இல்ல, அவருக்கு அது ஒத்துப் போயிருக்கும். அவருமே டொக்டர்கிட்ட கேக்காமப் போடுறது பிழைதான், அதுவும் அப்பாட மருந்துப் பெட்டியில இருந்து, அது வேற கதை.

உங்களுக்கு ஏன் ஆகாது எண்டா, அட்ரினலின் ஒட்டுற இடம் இருதயத்தில மட்டும் இல்ல, மூச்சுக் குழாயிலயும் கிடக்கு. அங்க அது ஒட்டினாத்தான் குழாய் விரியும். நீங்க அடிக்கிற நீலப் பம்ப், சல்பியூட்டமோல், அதுவும் அதே இடத்திலதான் போய் வேலை செய்யும். ப்ரொப்ரனொலொல் அந்த இடத்தை அடைச்சா குழாய் சுருங்கும், முட்டு வரும், வந்த முட்டுக்கு நீங்க பம்ப அடிச்சா அது பூட்டுத் துவாரத்தில மெழுகு ஊத்தினதுக்குப் பிறகு சாவி போட்டுத் திருப்பின மாதிரித்தான். ஒரே ஒரு குளிசையில ஆக்கள் செத்திருக்காங்க. உங்களுக்கு அடிக்கடி முட்டு வாறதில்ல எண்டு எழுதியிருக்கீங்க, அத நம்பி இதுல இறங்க ஏலாது. குளிசையத் திருப்பிக் குடுத்துருங்க, வேற யாரும் பொடியன் பிள்ளைகளுக்கு முட்டு இருக்கலாம், குடுக்காதீங்க எண்டு அண்ணனுக்கும் சொல்லுங்க. இத வாசிக்கிறதுக்கு முன்னால ஏற்கனவே போட்டிருந்து நெஞ்சு இறுகிற மாதிரி இருந்தா வீட்டில பாத்துக்கொண்டு இருக்க வேணாம், 1990க்கு அடிச்சு சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்க, என்ன குளிசை போட்டது எண்டு கட்டாயம் சொல்லுங்க, அது தெரிஞ்சாத்தான் அவங்க வேற வழியில மருந்து குடுப்பாங்க.

கை நடுங்குறதில பாதி பம்பால

உங்கட கடிதத்தில ஒரு வரி, நீங்களே பெரிசா எடுக்காம எழுதின வரி, "மேடைக்கு ஏற முந்தி பயத்தில நீலப் பம்ப நாலஞ்சு தரம் அடிச்சிருவன், இடையில முட்டு வந்தாலும் எண்டு." தம்பி, சல்பியூட்டமோல் அடிச்சா கை நடுங்கும், நெஞ்சு அடிக்கும். அந்த மருந்துட குணமே அதுதான். நீங்க நடுக்கத்துக்குப் பயந்து குளிசை தேடுறீங்க, அந்த நடுக்கத்தில ஒரு பங்க நீங்களே பம்பால ஏத்திப்போட்டுத்தான் மேடைக்குப் போறீங்க. ஸ்கூல் கன்டீன்ல வெறுவயித்தில பிளேன்டீ குடிச்சிட்டுப் போறதையும் எழுதியிருக்கீங்க, அதுவும் சேரும்.

உண்மையா முட்டு வந்தா நீலப் பம்ப அடிக்கோணும், அதில யோசிக்கவே வேணாம், பையிலயும் எப்பவும் வச்சிருங்க. வராத முட்டுக்கு முற்காவல் எண்டு நாலஞ்சு தரம் அடிக்கிறதத்தான் வேணாம் எண்டுறன். அந்தப் பயம் வராம இருக்க வழி மண்ணிறப் பம்ப். அத நீங்க போன வருசமே விட்டுட்டீங்க, ஏனெண்டா "பழகினா விடேலாதாம்". இது ஊர் முழுக்கக் கிடக்கிற கதை, எந்தக் கிளினிக்கிலயும் ஒரு நாளைக்கு ஒரு அம்மாவாவது இதச் சொல்லுவா. மண்ணிறப் பம்ப்ல இருக்கிறது பெக்லோமெத்தசோன், குழாய்ட உள்பக்க வீக்கத்தைக் குறைக்கிற மருந்து, போதையாப் பழகுற சாமான் இல்ல. அடிச்ச உடன ஒண்டும் தெரியாது, ஒழுங்கா அடிச்சு வந்தா சில கிழமையில பலன் தெரியும், அதாலதான் ஆக்கள் இது வேலை செய்யல்ல எண்டு விட்டுட்டு நீலத்தை மட்டும் பிடிச்சுக்கொண்டு இருக்காங்க. அடிச்சதும் வாய் கொப்பளிச்சுத் துப்புங்க, இல்லாட்டி வாய்க்குள்ள வெள்ளையாப் பூஞ்சணம் பிடிக்கும். கிழமையில ரெண்டு தரத்துக்கு மேல நீலம் தேவைப்படுது, ராவில முட்டால எழும்புறீங்க எண்டா முட்டு கட்டுப்பாட்டில இல்ல எண்டு அர்த்தம். திரும்பக் கிளினிக்குக்குப் போங்க, எவ்வளவு அடிக்கோணும் எண்டு அங்க சொல்லட்டும்.

மேடைப் பயத்துக்கு மருந்தில்லாம என்ன செய்யலாம் எண்டா, அந்த மண்டபத்துக்குள்ளயே, அந்த மேடையிலயே, அந்தக் கதிரையில இருந்தே ரெண்டு மூண்டு தரம் வாசிச்சுப் பாருங்க, கீழ தங்கச்சி, கூட்டாளிமார் எண்டு ஒரு பத்துப் பேரை இருத்தி வச்சிட்டு. சோலோவில முதல் நாலு பாரையும் பேப்பர் பாக்காம விரல் தானாப் போற அளவுக்கு மனப்பாடம் பண்ணுங்க, அட்ரினலின் உச்சத்தில இருக்கிறது தொடக்கத்திலதான், மறுகா தானா இறங்கும். உங்கட முறை வாறதுக்கு முன்னால மூச்சை உள்ள இழுக்கிறதை விட ரெண்டு மடங்கு நேரம் எடுத்து வெளிய விடுங்க. கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். நடுங்கிக்கொண்டே வாசிக்கலாம், கேக்கிறவங்களுக்கு நீங்க நினைக்கிற அளவு தெரியாது.

அம்மாவும் மாமாவும் சொல்றது

அம்மா, இத நீங்களும் வாசிப்பீங்க எண்டு தம்பி சொன்னார். கிளாரினெட் ஊதுறதால நெஞ்சு கிழியாது, நுரையீரல் பழுதாகாது, முட்டுக் கட்டுப்பாட்டில இருந்தா தாராளமா ஊதலாம். மாமா சொல்ற மாதிரி ஊதினா முட்டு சுகமாகும் எண்டும் இல்ல. மூச்சை நிதானமா விடப் பழகுவார், அது நல்லதுதான், ஆனா பம்புக்குப் பதிலா கிளாரினெட் எண்டு யாரும் சொன்னாக் கேக்காதீங்க.

நெஞ்சு விசயத்தில நான் கவலப்படுறது வாத்தியத்துட உள்பக்கத்தைப் பத்தி. 2010ல அமெரிக்காவில ஒரு ட்ரொம்போன்காரர்ட கேஸை மருத்துவ சஞ்சிகையில எழுதினாங்க, மனுசனுக்கு 15 வருசமா இருமல், என்ன மருந்துக்கும் நிக்கல்ல, கடைசியில பாத்தா ட்ரொம்போனுக்குள்ள பூஞ்சணமும் பக்டீரியாவும் வளந்து கிடந்திருக்கு, வாத்தியத்தை ஒழுங்காக் கழுவத் தொடங்கின பிறகுதான் இருமல் விட்டிருக்கு. எங்கட ஊரில மாரி தொடங்கினா தை வரைக்கும் சப்பாத்துக்குள்ளயே பூஞ்சணம் பிடிக்கும், மூடி வச்ச பெட்டிக்குள்ள ஈரத்தோட வச்ச கிளாரினெட்டைக் கேக்கவா வேணும். வாசிச்சு முடிஞ்ச உடன துணி இழுத்துத் துடைச்சு, கழட்டி, காத்துப் பட வச்சிட்டுப் பெட்டியில போடுங்க. மவுத்பீஸை இளஞ்சூட்டுத் தண்ணியில சவுக்காரம் போட்டுக் கழுவுங்க. ரீட்டை, அதான் மவுத்பீஸ்ல கட்டுற மெல்லிய துண்டை, மற்ற ஆளோட மாத்தி வாசிக்காதீங்க, தடிமன் காய்ச்சல் உள்ள நேரம் கட்டாயமா.

இனிக் காது

இதுதான் இந்தக் கடிதத்தில வீட்டில ஒருத்தரும் கவலப்படாத பகுதி, எனக்கு ஆகக் கவலயான பகுதியும் இதுதான். நெஞ்சுக்குப் பயந்து வாத்தியத்தையே விடச் சொல்றாங்க, காதில கீ எண்டு கேக்கிறதப் பழகிரும் எண்டுறாங்க.

காது சத்தத்துக்குப் பழகாது தம்பி. உள்காதில ஒரு பக்கத்துக்குப் பதினையாயிரம் அளவில மயிர் மாதிரி நுனி உள்ள கலங்கள் கிடக்கு, நீங்க பயோ படிக்கிறீங்க, படத்தில பாத்திருப்பீங்க. செத்தா திரும்ப முளைக்காது. பழகின மாதிரித் தெரியிறது கேள்வி, அதான் காது கேக்கிற சக்தி, குறைஞ்சதாலதான். சத்தத்துக்குப் பிறகு காது மந்தமாகி, கீ எண்டு கேட்டு, விடியப் போயிருச்சு எண்டா கலங்கள் களைச்சு மறுகா தேறியிருக்கு எண்டு எடுக்கலாம், எண்டாலும் 2009ல எலிகள வச்சுச் செஞ்ச ஒரு ஆய்வில கேள்வி முழுக்கத் திரும்பின பிறகும் கலத்தையும் நரம்பையும் சேர்க்கிற இணைப்புகள் நிரந்தரமா அழிஞ்சு போயிருந்தது தெரிஞ்சிருக்கு. மனுசருக்கும் அதே அளவா எண்டது இன்னும் விவாதத்தில கிடக்கு, நான் அந்த விவாதம் முடியிற வரைக்கும் உங்கட காத வச்சுப் பாக்கச் சொல்ல மாட்டன். உங்களுக்கு இப்ப விடிஞ்சும் கிடக்கு. அது எச்சரிக்கை.

கணக்கு இப்பிடி. 85 டெசிபல் சத்தத்தில ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம் இருக்கலாம் எண்டு அமெரிக்க தொழிற்சுகாதார நிறுவனம் ஒரு எல்லை வச்சிருக்கு. 3 டெசிபல் கூடக் கூட நேரம் பாதியாகும். 88க்கு 4 மணித்தியாலம், 94க்கு ஒரு மணித்தியாலம், 100க்கு 15 நிமிசம். ட்ரம்பெட்டுக்கு நேர முன்னால, ஸ்நேருக்குப் பக்கத்தில, சாத்தின ரூமுக்குள்ள 94 எண்டது பெரிய விசயமே இல்ல, அந்தக் கணக்கில உங்கட ரெண்டரை மணித்தியாலம் எண்டா ஒரு நாளைக்குரியதைப் போல ரெண்டரை மடங்கு. மாரியில தகரத்துக்கு மேல மழை கொட்டுற நேரம் எல்லாரும் அதுக்கு மேலால ஊதியிருப்பீங்க எண்டதையும் சேத்துக்கொள்ளுங்க. அதோட பஸ்ல எஞ்சின் சத்தத்துக்கு மேலால இயர்ஃபோன்ல பாட்டுக் கேட்டுக்கொண்டு போறதையும் எழுதியிருக்கீங்க. அத நிப்பாட்டுங்க, பிராக்டிஸ் உள்ள நாளிலயாவது.

பஞ்சு காணாது, சத்தம் அதால பெரிசாக் குறையாது. டவுன் ஹாட்வெயார் கடையில கிரைண்டர் வேலைக்காரர் வாங்குற ஸ்பொஞ் அடைப்பான் கிடைக்கும், விலையும் குறைவு. அத விரலால உருட்டி ஒடுக்கி, மற்றக் கையால காத மேலயும் பின்னுக்குமா இழுத்துப் பிடிச்சிட்டு உள்ள விட்டு, ஊதி நிறையிற வரைக்கும் அரை நிமிசம் அமத்திப் பிடிக்கோணும், சும்மா வாசல்ல செருகினா பிரயோசனமில்ல. முதல்ல உங்களுக்கு எரிச்சல் வரும், ஏனெண்டா கிளாரினெட்டில மேற்பல்லு மவுத்பீஸ்ல முட்டிக்கொண்டு இருக்கிறதால உங்கட சத்தம் எலும்பு வழியா மண்டைக்குள்ள கும் எண்டு கேக்கும், மற்ற ஆக்கள்ட சத்தம் தூரத்தில கேக்கும், சுருதி பிடிக்க ஏலாத மாதிரி இருக்கும். வீட்டில ஒரு கிழமை போட்டு வாசிச்சுப் பழகுங்க. வாத்தியக்காரருக்கெண்டே செய்ற அடைப்பான் வேற இருக்கு, எல்லா சுருதியையும் ஒரே அளவாக் குறைக்கும், சத்தம் மங்காது. ஒன்லைன்ல எடுக்கோணும், அப்பாகிட்டச் சொன்னா வரக்குள்ள கொண்டு வருவார்.

இதோட காதப் பரிசோதிக்கோணும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில காது மூக்கு தொண்டைக் கிளினிக் இருக்கு, கேள்விப் பரிசோதனைக்கு அங்க கேளுங்க. பிராக்டிஸ் முடிஞ்ச கையோட போகாதீங்க, ஒரு நாள் சத்தமில்லாம இருந்துட்டு திங்கக்கிழமை விடிய மாதிரிப் போனாத்தான் உண்மையான நிலை தெரியும். இன்னொண்டு, என்டைக்காவது திடீரெண்டு ஒரு காது அடைச்சு கேக்காமப் போனா, கீ சத்தம் தலைச்சுத்தோட வந்தா, கிளினிக் நாளுக்குக் காத்திருக்காம அண்டைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க, அதுக்கு மருந்து வெள்ளனக் குடுத்தாத்தான் பலன்.

சேர்கிட்ட என்ன கேக்கிறது

சேர்ல எனக்குக் கோவம் இல்ல. ஒரு ஸ்கூல்ல புதுசா பாண்ட் ஒண்டைக் கட்டி எழுப்புறது லேசுப்பட்ட வேலை இல்ல, ரெண்டு பேர் வராட்டி முழு ஹார்மனியும் விழுந்துரும், அதால கண்டிப்பாத்தான் இருப்பார். ஆனா பாண்ட் எண்டது இணைப்பாடவிதானம், பிள்ளைட உடம்புக்கு ஒரு பிரச்சினை எண்டு டொக்டர் கடிதம் இருந்தா அதோட போய்க் கதைக்கிறது உங்கட உரிமை, மரியாதைக்குறைவு இல்ல. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்க. "காது நோகுது" எண்டு மொட்டையாச் சொல்லாம, செய்யக்கூடிய விசயமாக் கேளுங்க.

ஸ்நேரையும் சிம்பலையும் உங்கட காதுக்குப் பக்கத்தில இருந்து பின்னுக்குத் தள்ளச் சொல்லுங்க, வெட்டவெளியில தூரம் ரெண்டு மடங்கானா 6 டெசிபல் குறையும், ரூமுக்குள்ள அவ்வளவு இல்லாட்டியும் குறையும். ட்ரம்பெட்காரரை வாங்கில ஏத்தி இருத்தினா வாத்தியத்துட வாய் உங்கட தலைக்கு மேலால போகும். ஜன்னலைத் திறக்கோணும். பக்கத்து வகுப்புதான் தடை எண்டா, கிழமையில ரெண்டு நாள் பெரிய மண்டபத்தில இல்லாட்டி மரத்துக்குக் கீழ வச்சா என்ன, மட்டக்களப்பில மாரி தவிர்ந்த காலத்தில நாலு மணிக்குப் பிறகு வெளிய இருக்கலாம்தானே. ட்ரம்காரர் தனியாப் பழகுற நேரம் ட்ரம்முக்குப் பதிலா ரப்பர் தட்டில அடிக்கலாம். முழு பாண்டும் ரெண்டரை மணித்தியாலம் ஒண்டா ஊதாம, முதல் ஒரு மணித்தியாலம் கிளாரினெட் தனி, பித்தளை தனி எண்டு பிரிச்சு எடுத்தா சேருக்கும் பிழை பிடிக்க லேசு. இதில ரெண்டு நடந்தாலே பெரிய காரியம். கதைக்கக்குள்ள ஒண்டு மறந்துராம சொல்லுங்க, அந்த ரூமில எல்லா வாத்தியத்துட வாயும் பாத்துக்கொண்டு நிக்கிறது கொண்டக்ட் பண்ற சேரத்தான், அவர்ட காதும் பரிசோதிக்க வேண்டிய காதுதான்.

வலது பெருவிரல் நோகுது எண்டும் எழுதியிருந்தீங்க. முக்கால் கிலோ அளவு உள்ள வாத்தியம் முழுக்க அந்த ஒரு விரல்ல நிக்குது, நோகத்தான் செய்யும், கழுத்தில மாட்டுற வார் ஒண்டு வாங்குங்க. மரத்துப் போறது, ராவில விறைக்கிறது எண்டு இருந்தா வந்து காட்டுங்க. ஏ லெவலுக்காக விடுறதா எண்டு அம்மா கேக்கிறது வருத்தத்தோட சம்பந்தப்பட்ட கேள்வி இல்ல, அத நீங்க ரெண்டு பேரும் மார்க்ஸைப் பாத்து முடிவெடுங்க. வருத்தத்துக்காக இப்ப விட வேண்டிய அவசியம் இல்ல எண்டதுதான் என்ட பதில், பரிசோதனை வேற மாதிரி வந்தா அந்தப் பதிலும் மாறும்.

காதுப் பரிசோதனை றிப்போட்டைக் கையில எடுத்த உடன போட்டோ பிடிச்சு அனுப்புங்க, சத்தத்தால முதல்ல அடிபடுற உயர்ந்த சுருதி, 4000 ஹேர்ட்ஸ் பக்கத்தில, கோடு கீழ இறங்கியிருக்கா எண்டு பாத்துட்டு, இடத்தை மாத்தினாக் காணுமா, கொஞ்ச நாள் நிப்பாட்டோணுமா எண்டு சொல்றன்.